1887 என்று போட்ட பாட்டில்: புல்மர்ஸ் குடும்பமும் அவர்கள் சைடரும்

பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: “புல்மர்ஸ் சைடர் பாட்டிலில் 1887 என்று போட்டிருக்கிறது. இந்த மாதிரி பழைய குடும்ப நிறுவனங்கள் நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்ததற்கு ஏதாவது ரகசியச் செய்முறை காரணமா? இன்னும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறதா? அயர்லாந்தில் இருக்கும் புல்மர்ஸ் வேறு என்கிறார்களே, அது எப்படி?” (சைடர் என்பது ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் செய்யும் மது.) மூன்று கேள்விகளாக இருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான். அந்த 1887-க்கும் இன்று கையில் இருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் என்ன தொடர்பு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். சுருக்கமாகச் சொன்னால், ரகசியச் செய்முறை என்று எதுவும் இல்லை. குடும்பம் 2003-லேயே விற்றுவிட்டது. அயர்லாந்துக் கம்பெனி ஒரே வேரில் முளைத்துப் பிரிந்த தனிக் கம்பெனி. ஆனால் இந்தச் சுருக்கமான பதிலில் கதையின் நல்ல பகுதி எதுவுமே இல்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் நுண்ணுயிரியல் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லூரியில் நொதித்தல் பாடம் நடத்துகிறேன், குடிநீர்ப் பரிசோதனைக் கூடமும் பார்த்துக்கொள்கிறேன். மதுத் துறையில் வேலை பார்த்ததில்லை. ஆகவே ஈஸ்ட், பாக்டீரியா, புளிப்பு பற்றி நான் சொல்வதைத் தொழில் அறிவாக எடுத்துக்கொள்ளுங்கள். வியாபார வரலாறு பல வருஷமாக ஆர்வத்தில் படித்துச் சேர்த்தது. புல்மர்ஸ் பக்கம் என்னை இழுத்தது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கிலாந்தின் மேற்கில் உள்ள ஹெர்ஃபோர்டு நகருக்கு அருகே கிரெடன்ஹில் என்ற கிராமம். அங்கே சார்லஸ் ஹென்றி புல்மர் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் இருந்தார். ஆப்பிள் வகைகளிலும் சைடரிலும் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். அவருடைய இளைய மகன் பெர்சிக்கு ஆஸ்துமா. அதனால் பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது, பல்கலைக்கழகம் போக வழியில்லை. 1887-இல், 20 வயதில், அப்பாவின் தோப்பு ஆப்பிளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணையில் இருந்த பழைய கல் ஆலையில் அரைத்துப் பிழிந்து சைடர் செய்தார். அடுத்த வருஷமே ஹெர்ஃபோர்டின் ரைலண்ட்ஸ் பகுதியில் இடம் பிடித்து ஆலையை நிறுவினார். 1889-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்து முடித்த அண்ணன் பிரெட் வந்து சேர்ந்துகொண்டார். இவ்வளவும் உறுதியான செய்தி. “சாப்பாடு, குடிப்பு சம்பந்தமான தொழில் செய், அது என்றைக்கும் வழக்கொழியாது” என்று அம்மா பெர்சிக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போகும் வாய்ப்பை விட்டுவிட்டு பிரெட் தம்பியிடம் வந்தார் என்றும் சொல்வார்கள். இரண்டும் நிறுவன வரலாறுகளில் தவறாமல் வருபவை. அம்மாவின் வாக்கை நான் குடும்பக் கதை என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் கல் ஆலையைக் கற்பனை செய்வது நமக்குக் கஷ்டமில்லை. பழைய கட்டட வேலைகளில் சுண்ணாம்புக் காரை அரைக்க, வட்டமான தொட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் கல் சக்கரத்தை மாடு சுற்றிச் சுற்றி இழுக்குமே, கிட்டத்தட்ட அதேதான். அங்கே மாட்டுக்குப் பதில் குதிரை. அரைத்த விழுதைக் குதிரை மயிரில் நெய்த துணியில் மடித்து மடித்து அடுக்கி, திருகுமரத்தால் அழுத்திச் சாறு எடுப்பார்கள். சாறு பீப்பாய்க்குப் போகும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. ஆலையிலும் துணியிலும் பழத்தோலிலும் ஏற்கெனவே ஒட்டியிருப்பதே வேலையைப் பார்க்கும். நம் ஊரில் பதநீருக்குப் பானையில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் தானே கள்ளாகிறதே, அதே சங்கதிதான்.

இங்கேதான் சிக்கல். தானாக நொதிக்கும் சாறு ஒவ்வொரு பீப்பாயிலும் ஒவ்வொரு மாதிரி வரும். காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்து வினிகர் ஆக்கிவிடும். அமிலம் குறைந்த, இனிப்பு மிஞ்சிய சைடரில் வெயில் காலம் வந்ததும் இன்னொரு பாக்டீரியா கிளம்பும். குபுகுபுவென்று வாயு வந்து, மணம் கெட்டு, சைடர் பால் போலக் கலங்கிவிடும். ‘சைடர் நோய்’ என்று இதற்குப் பெயர். பார்க்கர், ஹில்லியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1912-இல் இதற்குக் காரணமான பாக்டீரியாவை விவரித்தார்கள். இன்று அதை ஜைமோமோனாஸ் என்கிறோம். பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் இதே இனம் நிறையவே உண்டு. கள்ளில் இயல்பாக இருக்கும் ஒரு பாக்டீரியா சைடரில் நோய் ஆகிவிடுகிறது. என் மாணவர்களுக்கு இதை ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

பெர்சி தொடங்கிய காலத்தில் சைடருக்கு இங்கிலாந்தில் மதிப்பு இறங்கிக் கிடந்தது. அது பண்ணைக் கூலியாட்களின் பானம். கூலியில் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்து கொடுக்கும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்தது. அதற்கு நல்ல சைடர் தேவையில்லை, நிறைய இருந்தால் போதும். அதற்கும் முன்னால், 18-ஆம் நூற்றாண்டில், டெவன் மாவட்டத்தில் சைடர் குடித்தவர்களுக்குக் கடுமையான வயிற்று வலியும் கைகால் செயலிழப்பும் வந்தன. ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-இல், பிழியும் கருவிகளில் இருந்த ஈயம் சாற்றில் கரைந்ததுதான் காரணம் என்று காட்டினார். இப்படிப்பட்ட பின்னணி உள்ள பானம் அது.

சரி, 1887-ஐ இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். அதே வருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூலிச் சட்டத்தைத் திருத்தி, பண்ணையாட்களுக்குக் கூலியாக மதுவைக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. பண்ணைக்குப் பண்ணை சைடர் செய்வதற்கு இருந்த பெரிய காரணம் அதோடு மெல்லக் கழன்றது. ஆப்பிள் தோப்பு இருக்கிறது, பழம் விழுகிறது, ஆனால் அளந்து கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பழத்தை விலை கொடுத்து வாங்கி, நகரத்து மக்கள் காசு கொடுத்து வாங்கும்படியான பானமாக மாற்ற ஒருவர் தேவைப்பட்டார். பெர்சி இந்தச் சட்டத்தைப் பார்த்துத் தொழில் தொடங்கினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வருஷம் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்தத் தொழில் வளர இடம் கிடைத்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அண்ணன் தம்பி இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பெர்சி நொதித்தல் பக்கம், பிரெட் விற்பனை பக்கம். சைடரை ஷாம்பெயின் மாதிரி பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்க முடியுமா என்று பார்க்க, பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்துக்கே போய்க் கற்றுவந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் ‘போமேன்’ என்று பெயர் பெற்ற நுரைச் சைடர். 1911-இல் அரண்மனைக்குச் சைடர் வழங்கும் அங்கீகாரமும் கிடைத்தது. கூலிக்கு அளந்த பானம் கால் நூற்றாண்டுக்குள் அரசர் மேஜைக்குப் போனது.

இப்போது அந்தக் கண்ணாடிக் குழாய். குடிநீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலந்த திரவத்தில் தண்ணீர் மாதிரியைச் சேர்த்து, உள்ளே ஒரு குட்டிக் குழாயைத் தலைகீழாகப் போட்டு வைப்போம். கோலிஃபார்ம் பாக்டீரியா இருந்தால் வாயு உண்டாகி, குட்டிக் குழாயின் உச்சியில் குமிழியாகத் தேங்கும். அதற்கு டர்ஹாம் குழாய் என்று பெயர். தமிழ்நாட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடங்களில் அதைக் கழுவாத உதவியாளர் இருக்க மாட்டார். அந்த டர்ஹாம் யார்? ஹெர்பர்ட் எட்வர்ட் டர்ஹாம். 1866-இல் பிறந்தவர், கிங்ஸ் கல்லூரி மாணவர். 1896-இல் வியன்னாவில் மாக்ஸ் குரூபருடன் சேர்ந்து, நோயெதிர்ப்பு பெற்ற உடலின் ரத்த நீர் நோய்க் கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும் என்பதை ஆராய்ந்தவர். காய்ச்சல் நாலு நாள் நின்றால் டாக்டர் எழுதித் தரும் ‘வைடால் டெஸ்ட்’ அந்த ஆராய்ச்சியின் மேல்தான் நிற்கிறது.

பிறகு மஞ்சள் காய்ச்சலை ஆராய வால்டர் மையர்ஸ் என்ற இளம் மருத்துவரோடு பிரேசில் போனார். இருவருக்கும் அதே காய்ச்சல் வந்தது. மையர்ஸ் 1901-இல் அங்கேயே இறந்துபோனார், டர்ஹாம் பிழைத்தார். அப்புறம் பெரிபெரி நோயை ஆராய மலாயா பக்கம் போனார். இத்தனைக்கும் பிறகு 1905-இல் அவர் வந்து சேர்ந்த இடம் ஹெர்ஃபோர்டில் இருந்த புல்மர்ஸ் சைடர் ஆலை. 1935 வரை, முப்பது வருஷம், அங்கே நொதித்தல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டார். பிரெட்டும் அவரும் ஒரே கல்லூரி, ஏறத்தாழ ஒரே வயது. அந்தப் பழக்கம்தான் அவரை அழைத்துவந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது ஊகம். முப்பது வருஷ வேலை ஊகமல்ல.

நண்பர் கேட்ட ‘ரகசியம்’ எங்கே என்றால், நான் இங்கேதான் கை காட்டுவேன். சைடரின் செய்முறை ஹெர்ஃபோர்டு வட்டாரத்தில் எல்லாப் பண்ணைக்காரருக்கும் தெரிந்ததுதான். பழத்தை அரை, பிழி, நொதிக்க விடு, அவ்வளவே. புல்மர் சகோதரர்கள் செய்தது, தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவரை உள்ளே கொண்டுவந்து முப்பது வருஷம் வைத்துக்கொண்டது. பெயர் பெற்ற ஒரு பாக்டீரியா நிபுணரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது அன்றைய சைடர் ஆலை எதுவும் சாதாரணமாகச் செய்யும் காரியமல்ல. நாள்பட்ட தொழில்களைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் ‘தாத்தா காலத்துப் பக்குவம்’ என்பதையே சொல்கிறோம். இந்தக் குடும்பத்தில் தாத்தா காலத்துப் பக்குவத்தை முதல் தலைமுறையே சோதித்துப் பார்த்து மாற்றிக்கொண்டது.

பழத்திலும் அதே அக்கறை. சைடர் ஆப்பிளைக் கடித்துச் சாப்பிட முடியாது. நாவல்பழம் சாப்பிட்ட மாதிரி நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. பிரிஸ்டலுக்கு அருகில் லாங் ஆஷ்டன் என்ற இடத்தில் 1903-இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில், மேலே சொன்ன அதே பார்க்கர், அமிலம் 0.45 சதவீதம், துவர்ப்பைத் தரும் டானின் 0.2 சதவீதம் என்று இரண்டு கோடுகள் போட்டு, சைடர் ஆப்பிளை இனிப்பு, புளிப்பு, துவர்ப்பினிப்பு, துவர்ப்புப்புளிப்பு என நான்காகப் பிரித்தார். இன்றும் அதுதான் கணக்கு. ஹெர்ஃபோர்டில் ஃபாக்ஸ்வெல்ப் போன்ற பழைய துவர்ப்புப்புளிப்பு ரகங்கள் இருந்தன. துவர்ப்பினிப்பு ரகங்களை பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். அப்படி வந்த ஒரு ரகத்துக்கே ‘புல்மர்ஸ் நார்மன்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

பெர்சி 1919-இல் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் தொழில் லிமிடெட் கம்பெனி ஆகியிருந்தது. பிரெட்டும் அடுத்த தலைமுறையும் நடத்தினார்கள். நடுவில் பல பத்தாண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். ஸ்ட்ராங்போ என்ற சைடர் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. 1960 என்றும் 1962 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். கம்பெனியின் அளவையே மாற்றியது அதுதான். 1975-இல் ஹெர்ஃபோர்டு ஆலையில் 16 லட்சம் காலன், அதாவது எழுபது லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரே தொட்டியை நிறுவினார்கள். உலகிலேயே மிகப் பெரிய மதுத் தொட்டி என்று அது சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

சட்டம் படித்தவர்களுக்குப் புல்மர் என்ற பெயர் வேறு விதமாகத் தெரிந்திருக்கும். ‘ஷாம்பெயின் சைடர்’ என்று பெயர் வைக்கக் கூடாது என்று பிரெஞ்சு ஷாம்பெயின் நிறுவனமான பொலாஞ்ஷே தகராறு செய்ய, 1974-இல் வழக்கு டென்னிங் பிரபு என்ற நீதிபதி முன் வந்தது. ஐரோப்பியச் சட்டம் பிரிட்டனுக்குள் வருவதை, கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறிவரும் கடல் ஓதத்துக்கு அவர் ஒப்பிட்டது அந்தத் தீர்ப்பில்தான். சைடர் பாட்டிலின் லேபிள் ஒரு நாட்டின் அரசியல் சட்டப் பாடத்தில் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது.

அயர்லாந்து விஷயத்துக்கு வருகிறேன். டிப்பரரி மாவட்டத்தில் குளோன்மெல் என்ற ஊரில் வில்லியம் மாக்னர் என்பவர் 1935-இல் சைடர் ஆலை தொடங்கினார். 1937-இல் ஹெர்ஃபோர்டு புல்மர்ஸ் அதில் பங்கு வாங்கியது, 1946-இல் மீதியையும் வாங்கியது. 1960-களில் அந்த ஆலை கைமாறியது. புல்மர்ஸ் என்ற பெயரை அயர்லாந்துக் குடியரசுக்குள் பயன்படுத்தும் உரிமையும் அதோடு போனது. அதனால்தான் அங்கே புல்மர்ஸ் என்று விற்கும் சைடர் எல்லை தாண்டினால் ‘மாக்னர்ஸ்’ ஆகிவிடுகிறது. 2006 வாக்கில் மாக்னர்ஸ் கண்ணாடிக் குவளையில் ஐஸ் போட்டு ஊற்றும் விளம்பரத்தோடு பிரிட்டனைக் கலக்கியது. சைடரை மறந்திருந்த இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். அந்த அலையில்தான் பிரிட்டிஷ் புல்மர்ஸ் பாட்டிலும் புதிதாகக் களம் இறங்கியது. ஆக உங்கள் கையில் இருக்கும் பாட்டிலில் பெயர் 1887-ஐச் சேர்ந்தது, அதை இன்றைய உருவில் கடைக்குக் கொண்டுவந்தது 2006-இன் போட்டி.

அப்போது அது குடும்பத்தின் கையில் இல்லை. 1970-இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. அப்படியும் பெரும் பங்கு குடும்பத்திடமே இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எஸ்மண்ட் புல்மர் நீண்ட காலம் தலைவராக இருந்தார். 1990-களின் கடைசியில் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, சீனா என்று பல நாடுகளில் பணத்தைப் போட்டு விரிந்தார்கள். கடன் ஏறியது. 2002-இல் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய தள்ளுபடித் தொகை கணக்கில் சரியாக ஏறவில்லை என்று தெரியவந்தது. எதிர்பார்த்த லாபம் வராது என்ற எச்சரிக்கைகள் வந்தன, பங்கு விலை சரிந்தது. 2003-இல் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாஸில் என்ற பெரிய மதுக் கம்பெனி 27.8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2008-இல் அதை ஹைனகன், கார்ல்ஸ்பெர்க் என்ற இரண்டு பீர் கம்பெனிகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டபோது பிரிட்டன் பகுதி ஹைனகனுக்கு வந்தது. 116 வருஷம் நொதித்தலில் தவறாத ஒரு குடும்பம் கடனிலும் கணக்கிலும் சறுக்கியது என்பதே என் வாசிப்பு. பொருளாதாரம் படித்தவர்கள் வேறு காரணங்களையும் முன்வைக்கலாம். சைடர் மார்க்கெட்டில் அப்போது மலிவான சரக்குகளின் நெருக்கடி கடுமையாக இருந்ததும் உண்மை.

சைடர் ஆப்பிளில் பழைய முறையில் உயரமாக வளரும் மரம் முழுப் பலன் தர பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். குட்டை மரத் தோப்புக்கூட முழு மகசூலுக்கு ஏழெட்டு வருஷம் எடுக்கும். அதனால் விவசாயியை நட வைக்க, புல்மர்ஸ் 30 வருஷ ஒப்பந்தங்கள் போட்டது. பேரன் காலத்திலும் பழம் வாங்கிக்கொள்வோம் என்று ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லும் வாக்கு அது. சில வருஷங்களுக்கு முன், வேல்ஸின் மான்மத்ஷயரில் 1997-இல் புல்மர்ஸ் காலத்தில் நட்ட பெரிய தோப்பு ஒன்றை, ஆப்பிள் தேவைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி ஹைனகன் வேரோடு பிடுங்கிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு சரியில்லை. கம்பெனிக்கு அதில் கணக்கு இருக்கும். ஆனால் 26 வயது மரம் காய்க்கிற மரம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தாலே ‘சைடர்’ என்று வரித்துறைக் கணக்கில் ஏற்றுக்கொள்வார்கள். மீதி தண்ணீர், சர்க்கரை என்று போகும். பாட்டிலில் போட்டிருக்கும் வருஷத்தைவிடச் சாறு எவ்வளவு என்பதே அதன் தரத்தை அதிகம் சொல்லும். இன்றும் குடும்பத்தின் கையிலேயே இருக்கும் நிறுவனம் வேண்டுமென்றால், ஹெர்ஃபோர்டுஷயரிலேயே மச் மார்க்கிள் கிராமத்தில் 1880-இல் ஹென்றி வெஸ்டன் தொடங்கிய வெஸ்டன்ஸ் இருக்கிறது. சோமர்செட்டில் சாண்ட்ஃபோர்டு கிராமத்தில் 1904-இல் வில்லியம் தாட்சர் தொடங்கிய தாட்சர்ஸ் இருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் மூத்தது சஃபோக்கில் 1728 முதல் சைடர் செய்த ஆஸ்பால். ஷெவாலியே குடும்பம் அதை 2018-இல் மோல்சன் கூர்ஸ் என்ற பெரிய மதுக் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

நீங்கள் பர்மிங்ஹாமில் இருப்பதால் ஒன்று சொல்லலாம். நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஹெர்ஃபோர்டுக்கு நேரடி ரயில் உண்டு. பெர்சியின் மகன் பெர்ட்ரம் புல்மர் முயற்சியில், ரைலண்ட்ஸில் இருந்த பழைய ஆலைக் கட்டடத்திலேயே 1981-இல் சைடர் அருங்காட்சியகம் திறந்தார்கள். குதிரை இழுத்த கல் சக்கரம், பிழியும் திருகுமரங்கள் எல்லாம் அங்கே உண்டு. தரைக்குக் கீழே நிலவறைக்கும் இறங்கிப் பாருங்கள். சகோதரர்கள் பிரான்ஸில் கற்றுவந்த வித்தைக்காகப் பாட்டில்களைப் படுக்கவைத்துக் காத்திருந்த இடம் அது.